கொழுத்த பாட்டிலும் சோம்பேறி பாட்டிலும்

அந்தப் பழத்தை எங்கள் லேபை நடத்திய மேடம் என் உள்ளங்கையில் வைத்தார். செம்பனைப் பழம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கட்டைவிரல் பருமனில், எண்ணெய் தடவியது போல் வழவழப்பாக, அடியில் ஆரஞ்சும் நுனியில் கறுப்புமாக இருக்கும். இது அப்படி இல்லை. ஒரு பழத்தைச் சுற்றி ஐந்தாறு குட்டிப் பழங்கள் ஒட்டி முளைத்து, குவித்த விரல்களைப் போல மேல்நோக்கி நின்றன. மேடம் அதைத் திரும்ப வாங்கி மேசைமேல் வைத்து, கத்தியால் குறுக்கே வெட்டினார். உள்ளே பருப்பு இல்லை. இன்னொன்றை வெட்டினார். அதிலும் இல்லை. குலை முழுவதும் அப்படித்தான். பாதிப் பழங்கள் பழுக்கும் முன்பே அழுகி, புளித்த நாற்றம் அடித்தது. பாகான் டத்தோ பக்கம் எங்கள் கம்பெனி நட்டிருந்த புதுத் தோட்டத்திலிருந்து லாரிக்காரர் கொண்டுவந்து போட்ட குலை அது. "இது மாதிரி அங்க நெறைய கெடக்கு மேடம்," என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். மேடம் உட்காரவில்லை. கத்தியைத் துடைத்தார். துடைத்த கத்தியையே மறுபடியும் துடைத்தார்.

அந்தத் தோட்டத்து மரங்கள் எல்லாம் எங்கள் கையில் பிறந்தவை. மலேசியாவில், ஈப்போ நகருக்கு வெளியே, ஒரு காலத்தில் பால்மரத் தோட்டமாக, அதாவது ரப்பர்த் தோட்டமாக, இருந்த நிலத்தில்தான் எங்கள் திசு வளர்ப்பு லேப் இருக்கிறது. என் அப்பாவும் அம்மாவும் அதே நிலத்தில் பால் வெட்டியவர்கள். பால்மரங்களைச் சாய்த்து, தொழிலாளர் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளை இடித்து, ஆட்களை ஈப்போவின் ஓரத்தில் புந்தோங்குக்கும் சிலிபினுக்கும் விரட்டிவிட்டு, பழைய ஸ்டோருக்கு வெள்ளையடித்து ஏர்கோன் போட்டு லேப் என்று பெயர் வைத்தார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அந்தக் கட்டடத்தைப் பார்த்து எனக்கு வந்தது கோபம்தான். இன்றும் அது போகவில்லை. போக வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

வேலை இதுதான். நன்றாகக் காய்க்கும் ஒரு மரத்தின் குருத்தை எடுத்துச் சின்னத் துண்டுகளாக வெட்டி, பாட்டிலுக்குள் உறைந்திருக்கும் உணவுக் கூழின் மேல் வைப்போம். பல மாதம் கழித்து அந்தத் துண்டு வீங்கிக் கட்டியாகும். கட்டியைப் பிரித்து வேறு பாட்டில்களுக்கு மாற்றுவோம். அது வளரும். மறுபடி பிரிப்போம். கடைசியில் அதிலிருந்து கன்று முளைக்கும். விதை கிடையாது, பூ கிடையாது. ஒரே மரத்தின் நகல்கள், வேண்டிய அளவுக்கு. முகமூடி, கையுறை போட்டுக்கொண்டு, காற்று வீசும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, ஸ்பிரிட் விளக்கில் கத்தியைக் காட்டிக் காட்டி வெட்ட வேண்டும். மூச்சுப் பட்டாலும் பாட்டிலில் பூஞ்சணம் பூத்துவிடும். வெட்டும் அறையில் இருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். எங்களுக்குத் தலைமை ஒரு அக்கா. புந்தோங்கில் எனக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவித்த கோழிமுட்டையை உரிப்பதுபோல அவர் கட்டியைப் பிரிப்பார். அவர் கைப்பட்ட பாட்டில் கெட்டது அபூர்வம்.

பாட்டில்களுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர்கள் இரண்டு. சில பாட்டில்களில் கட்டி வெளுப்பாக, மெத்துமெத்தென்று, சீக்கிரம் பெருத்துவிடும். அது கொழுத்த பாட்டில். சிலதில் மஞ்சளாக, கெட்டியாக, மணிமணியாக, வளரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருக்கும். அது சோம்பேறி பாட்டில். ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் கொழுத்ததை வைத்துக்கொண்டு சோம்பேறியைத் தூக்கி எறிவோம். அது மேடம் சொன்ன விதி. கொழுத்த பாட்டில் அதிகம் வைத்திருப்பவருக்குத் தீபாவளிக்கு ஆபீசில் ஹேம்பர், பிஸ்கட் டின்கள் அடுக்கிய பரிசுக் கூடை, கொடுப்பார்கள். வருடா வருடம் அக்காவுக்குத்தான். அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், பிரசவ வார்டிலிருந்து பிள்ளையோடு வீட்டுக்குப் போகிறவர் மாதிரி இருப்பார்.

மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாண வம்சம். ஈப்போவில் பெரிய வீடு, வெளிநாட்டுப் படிப்பு. அவர் முன்னோர்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணிகளாக இருந்தவர்கள். எங்கள் வீட்டில் கிராணி என்பது நல்ல வார்த்தை இல்லை. பெயர் கூப்பிடுகிறவர், தாமதமாக வந்தால் அரை நாளை வெட்டுகிறவர், லயத்துப் பிள்ளை தன் வாசலில் நின்றால் முகம் சுளிக்கிறவர். அதனால் அவரை எனக்குப் பிடிக்கவில்லை. அவர் பேசிய தமிழும், ஆமாம் என்பதற்கு "ஓம்" என்று அவர் சொல்வதும் எங்களுக்குச் சிரிப்பு. முதல் வாரம் அவர் கதவைத் தாண்டியதும் நாங்கள் கைகூப்பி "ஓம், ஓம்" என்று சாமி கும்பிட்டுக் கிண்டல் செய்தோம். அவர் காதில் விழுந்துவிட்டது. திரும்பி வந்து எட்டிப் பார்த்து, "பூசை முடிஞ்சுதோ? முடிஞ்சா பாட்டில் கழுவுங்கோ," என்றார். சிரிக்காமல் சொன்னார். அக்காதான் முதலில் சிரித்தார்.

போகப் போக நான் பார்த்தது வேறு. பாட்டில் கழுவும் ஆள் வராத நாளில் மேடம் கையுறையை மாட்டிக்கொண்டு தொட்டியில் நிற்பார். வாரம் ஒரு நாள் எங்கள் வரிசையில் உட்கார்ந்து வெட்டுவார். எங்களைவிட மெதுவாகத்தான் வெட்டுவார். "மேடம், இப்படி வெட்டுனா ஒங்களுக்கு ஹேம்பர் கெடைக்காதுலா," என்று அக்கா சீண்டுவார். "எனக்கு பிஸ்கட் வேண்டாம், நீங்கள் கொண்டு போங்கோ," என்பார். இதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. நல்ல முதலாளி வேஷம் போடும் ஆட்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். நான் அவரிடம் மதித்தது ஒரு சொல்லை. "தெரியேல்லை." கோட்டு போட்ட விருந்தாளிகள் வந்து கேள்வி கேட்கும்போது, தெரியாத கேள்விக்கு அவர் தயங்காமல் "தெரியாது" என்று அவர்கள் மொழியிலேயே சொல்லுவார். படித்தவர்கள் அந்த ஒரு சொல்லை விழுங்குவதற்காக எவ்வளவு பேசுகிறார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் குலை வந்த சில நாளில் கோலாலம்பூரிலிருந்து பெரிய மேனேஜர் வந்தார். எங்கள் லேபில் அப்போது காலையில் பெரட்டு உண்டு. பால்மரக் காலத்துப் பழக்கம், கட்டடம் மாறியும் போகவில்லை. பழைய ஸ்டோரின் சிமெண்டுப் படியில் சூப்பர்வைசர் நிற்பார். நாங்கள் கீழே முற்றத்தில் வரிசையாக நிற்போம். பெயர் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அன்று படியில் மேனேஜர் நின்றார். அவரும் தமிழர்தான், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "லேபல் மாத்தி ஒட்டியிருக்கீங்க. நல்ல கன்னோட கண்ட கன்னும் கலந்து போயிருக்கு. தோட்டத்துல நூத்துக்கணக்குல மரம் வீணாப் போச்சு. வெட்டுற ரூமுக்கு யாரு லீடர்?" என்றார். அக்கா கையைத் தூக்கினார். விசாரணை முடியும்வரை அக்கா வேலைக்கு வர வேண்டாம் என்று அவர் எல்லோர் முன்னாலும் சொன்னார். விசாரணையில் குற்றம் உறுதியானால் அக்கா மட்டும் இல்லை, வெட்டும் அறை மொத்தமும் வீட்டுக்குப் போகும் என்றும் சொன்னார். அன்று பெயர் கூப்பிட்டபோது அக்காவின் பெயரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போனார்கள். அக்கா வரிசையிலேயே நின்றுகொண்டிருந்தார். எங்கே போய் நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

மேடம் அங்கேதான் இருந்தார். வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் கேண்டீனில் அவர் முன்னால் போய் நின்றேன். "சொல்லுங்க மேடம், அக்கா லேபல மாத்தி ஒட்டுற ஆளா?"

"தெரியேல்லை."

"தெரியாதா? பக்கத்துல ஒக்காந்து வெட்டுனீங்கல்லா!"

"அக்காவைத் தெரியும். மரத்துக்கு என்ன நடந்தது எண்டு தெரியேல்லை. தெரியாமல் நான் வாயைத் திறந்தா, அவர் இன்னொரு கதை சொல்லுவார். பிறகு நான் என்ன சொன்னாலும் எடுபடாது."

"கிராணி வீட்டுப் புத்தி," என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்து மேசையில் கரண்டிச் சத்தம் நின்றது. அவர் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். தட்டைக் கழுவி வைத்தார். பிறகு என்னிடம் வந்து, "நாளைக்கு பாகான் டத்தோ போறன். இலை வெட்ட ஒரு ஆள் வேணும். கோபத்தில இருக்கிற ஆள் அலுத்துப் போகாது. வாறீங்களோ?" என்றார்.

போனேன். கடலோரத்துச் சேற்று நிலம். வாய்க்கால் ஓரமாகத் தென்னைகள், உள்ளே கண்ணுக்கு எட்டிய தூரம் எங்கள் மரங்கள். நல்ல மரமும் கெட்ட மரமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. உயரம் ஒன்று, மட்டை ஒன்று, பச்சை ஒன்று. குலையைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். காய்க்கும் வயது வரும்வரை எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. கொசு பிய்த்து எடுத்தது. மேடம் காலுக்குப் பெரிதான ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வழுக்கி விழுந்தார். நான் தூக்கிவிடப் போகவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு மரத்திலும் இலையில் பொத்தான் அளவுக்கு வட்டமாக வெட்டி எடுத்துக் குப்பியில் போட்டோம்.

வேலைக்கு நடுவே அவர் எனக்கு விளக்கினார். நான் கேட்காமலே விளக்கினார். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. இருக்கிறது, அது மரம் எப்படி வளர வேண்டும் என்ற உத்தரவு. அந்த உத்தரவுக்கு நடுநடுவே பழைய துண்டுகள் கிடக்கின்றன. அவை சும்மா கிடக்காது. தன்னை நகல் எடுத்து வேறு இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அவற்றை அவர் தாவிகள் என்றார். செம்பனையின் டி.என்.ஏ.வில் பெரும் பகுதி இந்தத் தாவிகள்தானாம். எல்லாம் அவிழ்ந்துவிட்டால் மரம் மரமாக இருக்காது.

"அப்ப யாரு அதுங்கள அடக்கி வச்சிருக்கா?"

"சின்ன ஆர்.என்.ஏ. நீங்கள் நினைக்கிறதைவிடச் சின்னது. அந்தத் தாவியிலிருந்தே கிழிச்செடுத்த ஒரு சின்னத் துண்டு. தேடப்படுற ஆளின்ர போட்டோ மாதிரி. செல் அந்தப் போட்டோவைக் காவல்காரன்ர கையில குடுக்கும். அவன் அதை வச்சுத் தேடிப் போய், ஆள் கிடக்கிற இடத்திலயே பூட்டுப் போட்டுட்டு வருவான்."

"போட்டோ தொலஞ்சு போச்சின்னா?"

மேடம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அதைத்தான் பாக்க வந்திருக்கிறம்."

ஒரு மரத்தில் ஆண் பூ விரிந்திருந்தது. அதன் பக்கத்தில் போனால் சோம்பு வாசனை அடிக்கும். மேடம் காகிதத்தை அடியில் பிடித்துத் தட்டினார். மஞ்சள் தூள் விழுந்தது. அந்தத் தூளில் ஒரு மணிக்குள்ளே இரண்டு விதமான செல்கள் இருக்கின்றன என்றார். ஒன்று பெரியது. குழாய் போட்டு வழி காட்டிவிட்டுச் செத்துப் போகும். மற்றவை விந்துச் செல்கள். அடுத்த தலைமுறைக்குப் போவது அவைதான். பெரியது தன் பூட்டுகளைத் தானே திறந்துவிடுகிறது. அதற்குள் தாவிகள் விழித்துக்கொண்டு ஆட்டம் போடும். ஆட்டம் போடும் தாவிகளிலிருந்து போட்டோக்களை ஏராளமாக அடித்து, உள்ளே இருக்கும் விந்துச் செல்களுக்குக் கொடுத்து அனுப்புகிறது. அங்கே பூட்டு பலமாக விழுகிறது. வேறு செடிகளில் இதைக் கண்டிருக்கிறார்கள் என்றார். செம்பனையிலும் இப்படித்தானா என்றேன். "தெரியேல்லை," என்றார்.

"அப்ப பெரிசு தியாகம் பண்ணுது."

"செல்லுக்குத் தியாகம் எல்லாம் தெரியாது, பிள்ளை. அதுக்கு வேற வழி இல்லை. வழி இருக்கிறது மனுசருக்குத்தான். அதாலதான் நமக்குச் சங்கடம்." தூளை ஊதிவிட்டார். பிறகு அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "மரம் பூத்து, பூ வழியா அடுத்த தலைமுறைக்குப் போகேக்கை இந்தக் காவல் எல்லாத்தையும் சரி பார்த்துப் புதுசாக்கி அனுப்புது. நாங்கள் குருத்தை வெட்டிப் பாட்டிலுக்குள்ள போட்டம். பூவைத் தாண்டி வந்திட்டம். அங்க யார் சரி பார்த்தது?"

இலைகள் வெளியே வேறொரு பெரிய லேபுக்குப் போயின. நாட்கள் நீண்டன. முதலில் வந்த பதில், நல்ல மரத்துக்கும் கெட்ட மரத்துக்கும் டி.என்.ஏ. ஒரு எழுத்துகூட மாறவில்லை என்பது. அதாவது எல்லாம் ஒரே தாய் மரத்தின் நகல்கள். கண்ட கன்றும் கலக்கவில்லை. லேபல் சரி. நான் மேசையைத் தட்டினேன். மேனேஜர் விடவில்லை. லேபல் சரியென்றால் கூழில் மருந்தை அளவு தப்பிப் போட்டிருக்கிறார்கள், எப்படியும் வெட்டும் அறைதான் பொறுப்பு என்றார். மேடம் சொன்னது நடந்தது. அவரிடம் இன்னொரு கதை தயாராக இருந்தது.

மேடம் அலமாரிக்குப் போனார். அக்கா வெட்டி வைத்த பாட்டில்கள் இன்னும் இருந்தன. ஒரே தாய் மரம், ஒரே அடுப்பில் காய்ச்சிய கூழ், ஒரே கை. அதில் கொழுத்ததில் கொஞ்சம் எடுத்தார். தூக்கி எறிவதற்காக ஓரத்தில் ஒதுக்கியிருந்த சோம்பேறியிலும் கொஞ்சம் எடுத்தார். கெட்ட மரத்தின் இலையோடும் நல்ல மரத்தின் இலையோடும் சேர்த்து அனுப்பினார். ஏன் அப்படிச் செய்தார் என்று அன்று எனக்குப் புரியவில்லை. எங்கே தோண்டினால் தன் பிழையே அகப்படும் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தே தோண்டினார். அவரை நான் மதிப்பதற்கு அந்த ஒரு காரணமே போதும்.

பதில் வந்தது. பூவில் எது ஆண் பாகம், எது பெண் பாகம் என்று சொல்லும் ஜீன் ஒன்று இருக்கிறது. அதற்கு நடுவிலேயே ஒரு தாவி படுத்திருக்கிறது. நல்ல மரத்தில் அதன் மேல் பூட்டு இருந்தது. கெட்ட மரத்தில் பூட்டு இல்லை, சின்ன ஆர்.என்.ஏ.வும் தேய்ந்து போயிருந்தது. பூட்டு இல்லாததால் உத்தரவு பாதியிலேயே அறுந்துபோனது. ஆண் பாகமாக வர வேண்டியது பெண் பாகமாக மாறிப் பழத்தைச் சுற்றி முளைத்துவிட்டது. பாட்டில்களுக்கு வருவோம். சோம்பேறி பாட்டிலில் பூட்டு பத்திரமாக இருந்தது. கொழுத்த பாட்டிலில் இல்லை.

நாங்கள் தூக்கி எறிந்ததெல்லாம் நல்லது. பாராட்டிப் பாராட்டி வளர்த்ததெல்லாம் கெட்டது. காவல் தளர்ந்த செல்தான் கட்டுப்பாடில்லாமல் கொழுத்தது. அதைத்தான் அழகு என்று நினைத்து, ஒவ்வொரு மாற்றத்திலும் பொறுக்கிப் பொறுக்கி வைத்தோம்.

மேனேஜர் மறுபடி வந்தார். மேடத்தை அறைக்குள் கூப்பிட்டார். மேடம், வெட்டும் அறைப் பெண்கள் உள்ளே வராமல் நான் பேச மாட்டேன் என்று வாசலிலேயே நின்றார். நாங்கள் முகமூடியோடு உள்ளே போய்ச் சுவர் ஓரமாக நின்றோம். மேனேஜர் குரலை இறக்கி, "டெக்னிக்கல் புரோப்ளம்னு முடிச்சிருவோம் மேடம். ஒங்க பேரும் கெடாது. ஏன் சும்மா பெரிசாக்குறீங்க?" என்றார்.

மேடம் எங்களைப் பார்த்துப் பேசவில்லை, அவரைப் பார்த்தே பேசினார். "கொழுத்ததை வை, மற்றதை எறி எண்டு சொன்னது நான். சீக்கிரம் கன்று வேணும், சீக்கிரம் வேணும் எண்டு கேட்டது நீங்கள். இவங்கள் நான் சொன்னதைச் சரியாச் செய்தாங்கள். அவ்வளவு சரியாச் செய்ததாலதான் இவ்வளவு மரம் கெட்டது. கை தவறிப் பிழையாச் செய்திருந்தா இன்னும் கொஞ்சம் தப்பியிருக்கும்."

மேனேஜர் தன் பேனாவை மூடி, அக்கா வேலைக்கு வரலாம் என்றார். அந்த மரங்களோடு மேடத்தின் பெயரும் போனது. அவர் பல வருடம் கட்டி எழுப்பிய வேலையைப் பிறகு இன்னொருவர் கையில் கொடுத்தார்கள். அது அவருக்கு முன்பே தெரியும்.

அன்று சாயங்காலமே அவர் காரில் என்னை ஏற்றிக்கொண்டு புந்தோங்குக்கு வந்தார். அக்கா வீட்டில் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் ஒரு கச்சாங் பூத்தே கடையில் பட்டாணியும் முறுக்கும் பொரிக்கும் வேலைக்குப் போயிருந்தார். பெரிய வாணலிக்கு முன்னால், வியர்வையில் நனைந்து நின்றார். எங்களைப் பார்த்தும் அரிகரண்டியைக் கீழே வைக்கவில்லை. "ஒரு வாணலி முடிக்கணும். நில்லுங்க," என்றார். மேடம் அந்தப் புகையில் நின்றார். கடைக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டும் உட்காரவில்லை. எண்ணெய் வடிந்து முடிந்ததும் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

மேடம் எல்லாவற்றையும் சொன்னார். லேபல் சரி, கூழ் சரி, தன் விதிதான் பிழை. அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இண்டைக்குத்தான் உறுதியாத் தெரியும்."

"உறுதியா இல்லாம?"

"அந்தப் பழத்தை வெட்டின அண்டைக்கே ஒரு சந்தேகம்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்லா."

"நிரூபிக்காமல் சொன்னா அவர் நம்பமாட்டார்."

"நாங்க நம்பியிருப்போம் மேடம்," என்றார் அக்கா.

மேடம் செய்தது சரியா தவறா என்று இத்தனை வருடம் கழித்தும் எனக்கு முடிவாகவில்லை. ஆதாரம் இல்லாமல் பேசியிருந்தால் எங்கள் எல்லோருக்கும் வேலை போயிருக்கும், அது நிச்சயம். ஆனால் அந்த நாட்களில் அக்கா தன் தெருவில் தலை குனிந்து நடந்ததையும் நான் பார்த்தேன். ஒரு வார்த்தை, ரகசியமாகவாவது, அவர் காதில் போட்டிருக்கலாம். அந்த விஷயத்தில் மேடம் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. மேடம் இப்போதும் ஈப்போவில்தான் இருக்கிறார். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் இதைச் சொல்வேன். "ஓம், அது பிழைதான்," என்பார். ஒரு தடவைகூட மறுத்ததில்லை.

"நாளைக்கு வேலைக்கு வாங்கோ," என்றார் மேடம் அன்று.

"வரேன். ஆனா எம் பேரத் தாண்டிப் போனது பெரட்டுல. இந்த அடுப்பங்கரையில சொன்னா அது அங்க போயி சேராது. அங்க வந்து சொல்லுங்க." அக்கா திரும்பி வாணலிக்குப் போய்விட்டார். பிறகு முதுகைக் காட்டியபடியே சொன்னார், "படியில ஏறி நின்னு சொல்லாதீங்க. கீழ நின்னு சொல்லுங்க."

இன்று எங்கள் லேபில் பெரட்டு இல்லை. வாசலில் ஒரு இயந்திரத்துக்கு முகத்தைக் காட்டினால் பச்சை விளக்கு எரியும், உள்ளே போகலாம். சீக்கிரம் வேலை முடிகிறது. வெட்டும் அறைக்கு இப்போது நான் தலைமை. கன்று ஒவ்வொன்றும் வெளியே போவதற்கு முன் ஒரு துண்டு இலை சோதனைக்குப் போகிறது, பூட்டு இருக்கிறதா என்று பார்க்க. மேடம் வேலையை விட்டுப் போகும்முன் எழுதி வைத்துவிட்டுப் போன முறை அது. புதிதாகப் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் சில சமயம் கொழுத்த பாட்டிலைக் கையில் தூக்கிக்கொண்டு, இவ்வளவு நன்றாக வளர்வதை ஏன் எறிகிறீர்கள் என்று கேட்பார்கள். நான் கதை எல்லாம் சொல்வதில்லை. எறி என்கிறேன். எறிகிறார்கள். பாகான் டத்தோவில் அந்தக் கெட்ட மரங்களை ஊசி போட்டுக் கொன்று சாய்த்து, அதே சேற்றில் புதுக் கன்று நட்டாயிற்று. சோம்பேறி பாட்டிலில் வந்தவை. இப்போது குலை தள்ளுகின்றன.

ஆனால் அக்கா திரும்பி வந்த அந்த ஒரு காலையில் பெரட்டு இருந்தது நல்லதாயிற்று. இயந்திரத்தின் முன்னால் யாரும் யாரிடமும் எதையும் சொல்ல முடியாது.

அக்கா சேலை மாற்றி, தலைக்குப் பூ வைத்து, கல்யாண வீட்டுக்கு வருகிறவர் போல வந்து வரிசையில் தன் பழைய இடத்தில் நின்றார். சூப்பர்வைசர் படியில் நின்றார். மேடம் ஆபீஸ் கதவைத் திறந்து வெளியே வந்தார். படியில் சூப்பர்வைசர் ஒதுங்கி இடம் விட்டார். மேடம் அவரைத் தாண்டி இறங்கி, எங்களோடு முற்றத்தில் வந்து நின்றார். அவர் குடும்பத்தில் யாரும் அந்த இடத்தில் நின்றிருக்க மாட்டார்கள். செருப்பில் செம்மண் ஒட்டியது. பெரிய குரல் அவருக்குக் கிடையாது. பின்வரிசைக்குக் கேட்கவில்லை. "கேக்கலையே மேடம்!" என்று யாரோ கத்தினார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். லேபல் ஒட்டியவர்கள் பிழை செய்யவில்லை. வெட்டியவர்கள் பிழை செய்யவில்லை. எதை வைக்க வேண்டும், எதை எறிய வேண்டும் என்று சொன்னது நான். நான் பிழையாகச் சொன்னேன்.

பிறகு சூப்பர்வைசர் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருவராக "இருக்கேன்" என்றோம். அக்காவின் பெயர் வந்தது. அக்கா பதில் சொல்லவில்லை. மேடம் இருந்த பக்கம் திரும்பி, அவர் தன்னைப் பார்க்கும்வரை காத்திருந்தார். மேடம் பார்த்தார்.

"இருக்கேன்," என்றார் அக்கா.